ஐம்பதுக்கு மேல் புது ட்ரெண்டு உடுத்திய அனுபவம்: நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம்

தீவுக்காரி:
கோ-ஆர்ட் செட், அதுதான் மேல்சட்டையும் பேன்ட்டும் ஒரே துணியில் ஜோடியாக வருமே, அதை நீட்டி விளக்கப் போவதில்லை, இந்தக் கோடையில் எல்லார் வீட்டிலும் ஒன்றாவது வந்திருக்கும். எனக்கு மகள் எடுத்துக் கொடுத்தது லினன், வெளிர் பச்சை. எனக்கு வயது 57. கோவிலுக்கெல்லாம் இல்லை, சாயங்காலம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரைப் பக்கம் காலாற நடக்கத்தான் போட்டேன். வழியில் சங்குக் கடை. அந்தப் பையனை அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும், ஒரே தெரு. என்னைப் பார்த்ததும் ஒரு சங்கைத் தூக்கிக் காட்டி, "ஆயியே மாதாஜி, தேக்கியே" என்றான்.

அப்படியே நின்றுவிட்டேன். என் ஊரில், என்னிடம், இந்தியில்! "டேய், நான்தான்டா" என்றதும், "ஐயோ அத்தை, வடக்கே இருந்து சாமி கும்பிட வந்தவங்கன்னு நெனச்சேன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கோபமெல்லாம் இல்லை. ஆனால் சேலையைக் கழற்றிவிட்டால் முகம் கூடவா தெரியாமல் போகும்? அதுதான் மனசை விட்டுப் போகவில்லை.

கீழக்கரை லாத்தா:
எங்களுக்கு ட்ரெண்டே கிடையாது, எப்போதும் கறுப்பு என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். அபாயாவின் வெட்டு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மாறும். ஒரு வருடம் குடை வெட்டு, அடுத்த வருடம் முன்பக்கம் திறந்தது, அப்புறம் வௌவால் கை. 2025-க்கான நிறம் என்று பான்டோன் நிறுவனம் மோக்கா மூஸ் என்ற காபி நிறத்தை அறிவித்தது அல்லவா, துபாயில் இருக்கும் என் மகள் அதே நிறத்தில் எனக்கு ஒன்று அனுப்பிவிட்டாள்.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். என் மாமி எண்பதைத் தொட்டவர். என்னைக் கூப்பிட்டு, கைப்பக்கத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். "உனக்கு மட்டும் இந்தக் கலரு, எனக்கு எப்பவும் கறுப்பா? உன் மவகிட்ட கேளு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தறிவீட்டுப் பொண்ணு:
நான் பரமக்குடிப் பக்கம், எமனேஸ்வரத்தில் பிறந்தவள். தீவுக்காரி அக்கா, அந்தப் பையன்மேல் தப்பே இல்லை. கோவில் வாசலில் வியாபாரம் பண்ணுகிறவன் முகத்தையா பார்ப்பான்? உடையைப் பார்த்துத்தான் எந்த மொழியில் கூப்பிடுவது என்று முடிவு பண்ணுவான். அதற்குப் போய் இவ்வளவு வருத்தமா?

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு துணிக்கடையில் டிஷ்யூ சேலை, அதுதான் ஜரிகை இழை கலந்து பளபளக்குமே, அதைக் காட்டச் சொன்னேன். விற்பனைப் பையன் என் நரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி "அம்மா கலர் எடுப்பா" என்று குரல் கொடுத்தான். சந்தனம், சாம்பல், மங்கின மெரூன். அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கியிருந்த உலகம்! கேட்டு வாங்கினேன், ராணி பிங்க்.

ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் ட்ரெண்டு என்று எடுப்பதற்கு முன் சிலது தெரிந்துகொள்ளுங்கள். ஆர்கன்சா பார்க்க அழகு, ஆனால் விறைப்பான, எடையில்லாத துணி. ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினால் முந்தானை உங்கள் கையில் இருக்காது. தோளில் மடித்துக் குத்தி, நுனியை இடுப்பில் செருகாமல் இறங்காதீர்கள். டிஷ்யூவில் இருக்கிற ஜரிகை செம்பு இழையாக இருந்தால், உப்புக் காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்துப்போகும். கட்டிவிட்டு வந்ததும் பீரோவில் திணிக்காமல் நிழலில் ஆறவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்க்கும். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது. ரேயான் குர்த்தா ஈரமானால் பலம் குறையும், முறுக்கிப் பிழியாதீர்கள். லினன் நம் வியர்வைக்கு நல்லது, ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ராமேஸ்வரம் கோவிலில் 22 தீர்த்தம் ஆடப் போகிறவர்கள் இந்த வருட வெளிர் நிறங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், முதல் வாளித் தண்ணீரிலேயே உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அடர் நிறப் பருத்திதான் சரி. சந்நிதிக்குப் போகுமுன் எப்படியும் மாற்ற வேண்டும், அந்த மாற்று உடையில் உங்கள் ட்ரெண்டைக் காட்டுங்கள்.

தொண்டிக்காரர்:
ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவி உச்சிப்புளியில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையும் வெள்ளை ஸ்னீக்கரும் போட்டு வந்தார். மேடையில் நிற்கும்போது போட்டோ எடுக்கிற பையன் பதமாக, "அம்மா, கால் தெரியாம கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்றான். அவர், "கால் தெரியிற மாதிரி எடு தம்பி, ஷூ 2000 ரூபா" என்றார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விசிறியைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் சொல்கிறேன், வயதுக்கென்று ஒரு உடை இருக்கிறது. சேலைக்கு மேல் ஒரு அழகு உண்டா?

கீழக்கரை லாத்தா:
அண்ணன், நைட்டி வந்த புதிதிலும் இதே பேச்சுதான். இப்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கத் தெருவுக்கு வராத வீடு உண்டா சொல்லுங்கள். அன்றைக்குப் பேசியவர்கள் வீட்டிலும் கொடியில் நைட்டிதான் காய்கிறது.

பாசிக்காரி:
நான் சொல்லச் சொல்ல மகள் போனில் எழுத்து அடிக்கிறாள். நாங்கள் கடல்பாசி எடுக்கிறவர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரலில் துணிச் சுற்று, ரப்பர் செருப்பு, கண்ணாடி. எங்கம்மாவும் சட்டை போட்டுத்தான் இறங்கினார். பாறையும் பாசியும் உடம்பைக் கிழிக்கும், அதனால்தான். இதற்கு வயது யாரும் கேட்டதில்லை.

போன மாதம் மூட்டையோடு கரை ஏறும்போது, சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண் போனை நீட்டிப் படம் எடுத்தாள். என் வயது இருக்கும், அவளும் தொளதொள சட்டைதான் போட்டிருந்தாள். "ஓவர்சைஸ் சட்டை, சூப்பர் ஸ்டைல்க்கா" என்றாள். கேட்காமல் எடுத்தது ஒன்று. எனக்கு மூச்சு வாங்குகிறது, உப்பு கண்ணில் எரிகிறது, அப்போது ஸ்டைலாம். "அழிச்சிடு" என்றேன். முகம் சுருங்கிப் போய் அழித்தாள். மகள், "அவங்க நல்லதாத்தானம்மா சொன்னாங்க" என்கிறாள். இருக்கட்டும். அவள் சட்டை எந்தக் கடலுக்குள் இறங்கியது?

தறிவீட்டுப் பொண்ணு:
பாசிக்காரி, உப்பில் ஊறின சட்டையை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் துணி சீக்கிரம் நைந்துபோகும்.

பாசிக்காரி:
நல்ல தண்ணி குடம் என்ன விலை தெரியுமா உங்களுக்கு?

உச்சிப்புளி மருமகள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தொண்டிக்காரரே, அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன் என்று நினைக்கிறேன். எனக்குக் குதிகால் வலி, பாதமும் அகலம், செருப்புக் கடையில் எதுவும் சேர்வதில்லை. உங்கள் வீட்டம்மாவிடம் அந்த ஷூ எங்கே வாங்கினது, 8-ம் நம்பர் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.