அழித்துவிட்டோம் என்று நினைத்த ஃபைல்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சந்து ஜெராக்ஸ் (வேலூர்)

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சந்து ஒன்றில் 11 வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அந்தச் சந்துகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைப்பலகையில் தமிழுக்குக் கீழே வங்காளமும் இந்தியும் இருக்கும், நாலு கட்டடத்துக்கு மூன்று லாட்ஜ். கொல்கத்தா, அகர்தலா, டாக்கா என்று எங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் பென் டிரைவை நீட்டுவார்கள். பாஸ்போர்ட், விசா, ஆதார், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேப்பருக்கு வரும். ராத்திரி கடை சாத்தும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மொத்தமாக டெலீட் செய்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுவேன். அக்கம்பக்கத்துக் கடைகளில் அதுகூடச் செய்யமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்த கம்ப்யூட்டரை 3,500 ரூபாய்க்குக் காட்பாடிப் பக்கம் படிக்கும் ஒரு பையனுக்கு விற்றேன். கொடுக்கும் முன் ஃபார்மேட்டும் போட்டேன். குயிக் ஃபார்மேட்தான், டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பையன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தான். "இன்னாண்ணா இது, யார் யார் பாஸ்போர்ட்டோ கீது?" அவனுடைய பிராஜெக்ட் ஃபைலைத் தவறுதலாக அழித்திருக்கிறான். மீட்பதற்கு ரெக்குவா என்ற மென்பொருளைப் போட்டு ஆழமாகத் தேடவிட்டிருக்கிறான். பிராஜெக்ட் வந்தது, கூடவே என் கடையும் வந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள். ஒரு பாஸ்போர்ட் பக்கம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. நெற்றி, கண், மூக்கு வரை தெளிவாக இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. பாதி ஃபைல்தான் மிச்சம். ஆனால் அந்தப் பாதி முகமே போதும், ஆளை எனக்கு அடையாளம் தெரிந்தது. தினமும் காலையில் வந்து, மனைவியின் ரிப்போர்ட்டை ஒரே ஒரு காப்பி எடுத்து, பார்த்துப் பார்த்து மடித்துப் பையில் வைக்கும் பெரியவர்.

அப்புறம் பையன்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "லாட்ஜில பேரை அடிச்சிட்டு சாவியைப் பலகைல மாட்டிடறாங்க இல்ல, அதான் டெலீட். ஆனா ஆள் உள்ளாறவே தூங்கிகினு இருக்காரு. வேற ஒருத்தரை அந்த ரூமுக்கு அனுப்பினாத்தான் இவர் வெளியே போவாரு." டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே என்று ஒரு பதிவேடு இருக்கிறது. டெலீட் செய்தால் அதில் 'இந்த இடம் காலி' என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். குயிக் ஃபார்மேட் என்பது பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு போடுவது. அறைகளுக்குள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே என் இன்னொரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேபிளில் அந்த டிஸ்க்கை மாட்டி, 'குயிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபுல் ஃபார்மேட் போட்டோம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஃபுல் ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதுகிறது. எக்ஸ்பியில் எழுதாது, டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் (செக்டர்) இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதோடு சரி. 500 ஜிபி டிஸ்க், பழைய யூஎஸ்பி. மதியம் ஆரம்பித்தது, கடை சாத்தும்போதுதான் முடிந்தது. மறுபடி ரெக்குவா ஓட்டினோம். ஒன்றும் இல்லை.

பையனின் நண்பன் ஒருவன் 35 தடவை எழுதினால்தான் போகும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தக் கணக்கு பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் தகவலைப் பதிந்த விதவிதமான முறைகளுக்காகச் சொன்னது. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு முழுசாக ஒரு தடவை போதும். 35 தடவை என்றால் அவன் ஒரு வாரம் என் கடையிலேயே படுத்திருக்க வேண்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஆரணி கேமரா

எனக்கு நடந்தது தலைகீழ். குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் உதவிக்கு வந்த தம்பி கார்டு மாறிப்போய், காப்பி எடுக்காத கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் போட்டுவிட்டான். உடனே சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பயத்தில் வாயைத் திறக்காமல் அதே கார்டில் பந்தியைப் படம் எடுக்கப் போய்விட்டான்!

விஷயம் தெரிந்ததும் கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளி, பர்ஸில் வைத்துக்கொண்டேன். ராத்திரி வீட்டில் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். இலவசம்தான். பார்க்கக் கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடும், பயப்பட வேண்டாம். அது பதிவேட்டையே பார்க்காது, ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டும். ஜேபெக் படம் என்றால் தொடக்கத்தில் எப்போதும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற முத்திரை இருக்கும். அதைக் கண்டால் அள்ளிக்கொண்டு வரும். அதனால் பழைய ஃபைல் பெயர்கள் வராது, எல்லாம் எஃப் போட்டு ஒரு நீள நம்பரோடு வரும். வீடியோ துண்டு துண்டாகக் கிடந்தால் ஒழுங்காகச் சேராது.

பெண் அழைப்பு, மாலை மாற்றியது, ஊஞ்சல் எல்லாம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தது வந்தது. அடுத்த படம் வாழை இலை, ஓரத்தில் உப்பு, வடை, பாயசம். பந்திப் படங்கள் சரியாக அந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கின்றன. மேலே எழுதியது எழுதியதுதான், எந்த சாஃப்ட்வேராலும் கொண்டுவர முடியவில்லை. பெண் வீட்டில் ஒரு மாமா செல்போனில் எடுத்ததை வாங்கித்தான் ஆல்பத்தில் வைத்தேன். தம்பி இப்போதும் என்னோடுதான் இருக்கிறான், வடை மட்டும் சாப்பிடுவதில்லை.

ராணிப்பேட்டை சிஸ்டம்

மேலே சொன்னதெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க், கேமரா கார்டுக்குச் சரி. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. வேறு ஜாதி.

நான் ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை டாலி (கணக்கு மென்பொருள்) ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டு, பத்தே நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். ஹார்டு டிஸ்க்காக இருந்தால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பேன். இது எஸ்.எஸ்.டி. மீட்கும் மென்பொருளை ஓட்டினால் ஃபைல் பெயர் தெரிகிறது, திறந்தால் உள்ளே முழுக்கப் பூஜ்யம். காரணம் ட்ரிம் என்ற ஏற்பாடு. பெயரை அடித்த கையோடு விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்குத் தகவல் சொல்லிவிடுகிறது, லாட்ஜ் பையன் உடனே போய் அறையைக் கூட்டிவிடுகிறான். முதலாளி வீட்டில் ஒரு பென் டிரைவில் போன வார பேக்கப் இருந்தது; தப்பித்தோம்.

அப்படியென்றால் எஸ்.எஸ்.டி.யில் டெலீட் போதுமா? போதாது. மேலே எழுதி அழிக்கலாம் என்றால் அதுவும் நிச்சயமில்லை. சிப்பில் இருக்கும் செல்கள் ஒரே சீராகத் தேயட்டும் என்று எஸ்.எஸ்.டி. எழுதுவதை எல்லாம் இடம் மாற்றி மாற்றிப் போடும். நீங்கள் 12ஆம் நம்பர் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வீர்கள், மேனேஜர் 31ஐ அடித்துவிட்டு இதுதான் 12 என்பார். தயாரித்த கம்பெனியே தரும் மென்பொருளில் 'செக்யூர் இரேஸ்' இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, முதல் நாளே விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டைப் போட்டுவிடுவது; எழுதுவதை எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும். பிறகு சாவியை அழித்தால் போதும், உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்து.

ஜெராக்ஸ் அண்ணன் கூச்சப்பட வேண்டாம். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிப் பார்த்ததை எழுதினார்கள். ஓடிய 129இல் ஒழுங்காகத் துடைத்திருந்தவை 12தான்.

பாகாயம் பாட்டி பேரன்

எங்கள் வீட்டில் பழைய லேப்டாப் டிஸ்க்கைத் தாத்தா டிரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டார். உள்ளே தட்டு கண்ணாடியாம், பொலபொலவென்று நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அதை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். சரி, போனை விற்பதற்கு என்ன செய்வது?

ராணிப்பேட்டை சிஸ்டம்

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் பெரும்பாலான புதுப் போன்களில் உள்ளே இருப்பது பூட்டியே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் போட்டால் சாவி போய்விடும். ஐபோனும் அப்படித்தான். கூகுள் கணக்கை முதலில் எடுத்துவிடுங்கள். மெமரி கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பல பேர் மறக்கிறார்கள்.

ஆரணி கேமரா

ஜெராக்ஸ் அண்ணே, ஒரு சந்தேகம். பென் டிரைவ் இல்லாதவர்கள் உங்கள் கடைக்கு எப்படி ஃபைல் கொடுப்பார்கள்?

சந்து ஜெராக்ஸ் (வேலூர்)

கடை மெயிலுக்கு அனுப்பச் சொல்வேன். கண்ணாடியில் ஐடியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

இப்போதுதான் திறந்து பார்த்தேன். 15 ஜிபியில் 14.2 நிரம்பியிருக்கிறது. கீழே போகப் போக முடியவே இல்லை, 2013 வரை போகிறது. பெரியவர் அனுப்பிய ரிப்போர்ட்கூட இருக்கிறது, இதில் முழுசாக. பக்கம் பக்கமாக டெலீட் செய்துகொண்டிருக்கிறேன். ட்ராஷில் 30 நாள் அப்படியே கிடக்குமாம், அதையும் தனியாகக் காலி செய்ய வேண்டும். மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், இன்னும் 2019ஐயே தாண்டவில்லை.