கண்டன்சேட் லைனுக்கு எந்தப் பைப் போடலாம்?

குழுவில் இருக்கும் பைப்பிங் அண்ணன்மார்களுக்கு வணக்கம், ஒரு யோசனை வேண்டும்.

சாயப்பட்டறை ஒன்றில் பாய்லரின் ஸ்டீம் லைனையும், ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும் கண்டன்சேட் லைனையும் மாற்றுகிறோம். ஸ்டீம் 10 கிலோ பிரஷர். மெயின் லைன் 4 இன்ச், ஏஎஸ்டிஎம் ஏ106 கிரேடு பி (அதிக சூட்டுக்கான கார்பன் ஸ்டீல் பைப்), சீம்லெஸ் (வெல்டிங் மூட்டு இல்லாதது), ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) என்று முடிவாகிவிட்டது. ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) வரம்புக்குள் வருவதால் படிவம் 3-ஏ சான்றிதழோடுதான் வாங்குகிறோம். கடைக்காரர் ஐஎஸ் 1239 சி கிளாஸ் (சாதாரண ஸ்டீல் பைப்புக்கான இந்தியத் தரத்தில் கனமான ரகம்) போதும், விலையும் குறைவு என்கிறார். 100 என்பி (அதாவது 4 இன்ச்) சைஸில் அதன் சுவர் 5.4 மி.மீ., ஷெட்யூல் 40-இல் 6.02. ஆனால் என் கவலை தடிமன் இல்லை, சான்றிதழ்தான். ஸ்டீம் விஷயத்தில் அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

குழப்பம் 2 இன்ச் கண்டன்சேட் ரிட்டர்னில்தான். பழைய கார்பன் ஸ்டீல் பைப்பை அறுத்துப் பார்த்தால் மேல்பாதி நன்றாக இருக்கிறது, அடியில் மட்டும் வாய்க்கால் போல அரித்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கரைந்து உண்டான கார்பானிக் அமிலத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

இப்போது ஏ106 ஷெட்யூல் 80 போடுவதா, ஏ312 டிபி304எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷெட்யூல் 10எஸ் போடுவதா? முதலாவதில் 5.54 மி.மீ. சுவர் கிடைக்கும், ஆனாலும் அரிப்பு நிற்காது. இரண்டாவதில் இந்த அமிலத்துக்குப் பயமில்லை. ஆனால் இங்கே உப்புத் தண்ணீர் எங்கும் தெறிக்கும். இன்சுலேஷனுக்குள் இறங்கினால், அந்தச் சூட்டில் குளோரைடால் விரிசல் விடுமோ என்று பயம்.

சாயப்பட்டறையில் 304எல் ஓட்டியவர்கள், இன்சுலேஷனுக்கு அடியில் என்ன பெயின்ட் அடித்தீர்கள்? பாய்லர் தண்ணீரில் அமீன் (அமிலத்தை முறிக்கும் கெமிக்கல்) போட்டே கார்பன் ஸ்டீலைக் காப்பாற்றியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன் தெரிந்தால் பெரிய உதவி.