ஆக்கூர் ரயில் நிலையம்: பழைய தகவல் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். 1926-ல் தொடங்கி 1986-ல் மூடப்பட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பாதையைப் பற்றி, குறிப்பாக ஆக்கூர் ஸ்டேஷனைப் பற்றி, தகவல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தேடினாலும் செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையார் வழியாகப் போனது, அப்புறம் நின்றுபோனது என்பதோடு முடித்துவிடுகிறார்கள். திறந்த வருஷமும் மூடிய வருஷமும் மட்டும் வரலாறு ஆகிவிடுமா என்ன? ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, நெல் மூட்டை ஏற்றினார்களா, ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தாரா இல்லை கமிஷன் ஏஜெண்ட்தான் டிக்கெட் கொடுத்தாரா, இதெல்லாம்தான் வேண்டும். அந்த வண்டியில் மாயவரம் போய்ப் படித்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். தேதி குத்திய அட்டை டிக்கெட், ஓரத்தில் ஸ்டேஷன் பலகை தெரிகிற கல்யாண போட்டோ, எதுவானாலும் சரி. மொபைலில் படமெடுத்து அனுப்பினால் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும்.