நீதிபதியே சாட்சியைக் கேள்வி கேட்டால் நடுநிலை கெடுமா?

காரைக்குடி வாசகி:
இறந்தவர் எனக்கு அண்ணன் முறை. ஊரணிக் கரையில் வாய்த்தகராறு முடிந்ததும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தன் வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பியதாக ஒருவர் சாட்சி சொன்னார். இரு தரப்பு வக்கீல்களும் முடித்த பிறகு, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினார் என்று நீதிபதியே கேட்க, சாட்சி கால் மணி நேரம் என்றும், பிறகு உடனே என்றும் தடுமாறினார். நீதிபதி எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டாரோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. முன்திட்டத்தை நிரூபிக்காவிட்டால் கொலைக் குற்றமே நிற்காது என்கிறார்களே, உண்மையா?

தேவகோட்டை வழக்கறிஞர்:
அம்மா, நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவு கேட்பது முன்திட்டத்தை அல்ல, கொல்லும் நோக்கம் போன்ற மனநிலையைத்தான். அது அந்தக் கணத்தில் பிறந்திருந்தாலும் போதும். ஆனால் முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை என்று எதிரி, கொலையைக் குறைந்த குற்றமாக்கும் நான்காவது விதிவிலக்கைக் கோரினால், அந்தக் கால் மணி நேரம்தான் வழக்கின் உயிர். மனத்தில் போட்ட திட்டத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை; ஆயத்தமும் நடத்தையும்தான் அதைக் காட்டும். மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், அவர் மனைவி மக்களைத் திரையரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கியதையும், இடையில் ஏறத்தாழ 3 மணி நேரம் கழிந்ததையும் வைத்தே, திடீர்க் கோபம் என்ற வாதத்தை 1961இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதற்கு முன்பு, அப்போது வழக்கில் தீர்ப்புச் சொன்ன பொதுமக்கள் குழுவான ஜூரிகள் 8க்கு 1 என்று குற்றமற்றவர் எனச் சொன்னபோதும், அமர்வு நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார் என்பதை நான் என்றும் மதிப்போடு நினைக்கிறேன்.

நீதிபதி கேள்வி கேட்பதைச் சாட்சியச் சட்டமே அனுமதிக்கிறது.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கேட்கலாம், மிரட்டக் கூடாது; ஒரு தரப்பின் வக்கீல் வேலையை நீதிபதி செய்யக் கூடாது என்று 1981இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. நேரத்தைக் கேட்டது உண்மையைத் தெளிவாக்கத்தான் என்று எனக்குப் படுகிறது. அரசுத் தரப்பு கேட்க மறந்த கேள்வி அது. நீதிபதி கேட்டு வந்த பதிலின் மேல் அனுமதி பெற்றுக் குறுக்கு விசாரணை செய்யலாம். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும், அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள்; தூரம் தெரிந்தால், சாட்சி தடுமாறினாலும் நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

காரைக்குடி வாசகி:
நன்றி ஐயா. நாளையே அரசு வழக்கறிஞரைப் பார்க்கிறேன். அந்த வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிறது. ஊரணியிலிருந்து பின்வாசல் கிட்டே, முகப்புக்குச் சுற்றிப் போக வேண்டும். அவன் எந்த வாசலில் நுழைந்தான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.