ஒருங்கடுக்கு ஆளி: ஒரு முன்மொழிவு

எல்லோருக்கும் வணக்கம்.

கணினிகளைக் கேபிளால் வலையமைப்பில் இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். அப்படிப்பட்ட பலவற்றைச் சேர்த்து ஒன்றாக இயக்க முடிந்தால் அது ஸ்டாக்கபிள் சுவிட்ச். இதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'அடுக்கு ஆளி' போதும் என்று முந்தைய மடல்களில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

'ஆளி' இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்களில் மின்குமிழின் சுவிட்சும் ஆளிதான், வலையமைப்பின் சுவிட்சும் ஆளிதான். யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கே பழகிய சொல். இடறுவது 'அடுக்கு'. லேயரை நாங்கள் 'படை' என்போம், ஓசோன் படை என்பதைப் போல. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அதுவே அடுக்கு. அங்கே லேயர் 3 சுவிட்சை (ஐபி முகவரியைப் பார்த்துத் தரவை வழிப்படுத்தும் சுவிட்சை) 'மூன்றாம் அடுக்கு ஆளி' என்று எழுதினால், மூன்று பெட்டிகளை அடுக்கியது என்றுதான் இங்கே வாசிப்போம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே ஓர் அலுவலகத்தின் விலைமனுக்கோரலில் 'அடுக்கக்கூடிய ஆளி' என்று எழுதியிருந்தார்கள். வந்து இறங்கியவை ராக்கில் (கருவிகளைப் பூட்டும் சட்டகத்தில்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டக்கூடிய சாதாரண சுவிட்சுகள். விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அவையும் அடுக்கக்கூடியவைதானே! 24 போட் (கேபிள் செருகும் துளை) உள்ள சுவிட்சுகள் நான்கை ராக்கில் பூட்டினால் அவை நான்கு சுவிட்சுகள்தான்: நான்கு ஐபி முகவரி, நான்கு கொன்பிக் (அமைவு). ஸ்டாக் செய்தால் 96 போட் உள்ள ஒரே சுவிட்ச். ஒரு முகவரி, ஒரு கொன்பிக். ஒன்று தலைமை ஏற்கும், அது விழுந்தால் இன்னொன்று பொறுப்பெடுக்கும்.

மேலே கீழே இருப்பது முக்கியமும் அல்ல. சிஸ்கோ நிறுவனத்தின் கற்றலிஸ்ட் 9300 சுவிட்சில் பின்பக்கத்தில் அதற்கென்றே தனிக் கேபிள் இருக்கிறது. அரை மீற்றர், ஒரு மீற்றர், மூன்று மீற்றர் நீளங்களில் வரும். எட்டுச் சுவிட்சுகள் வரை சேரும். கடைசிப் பெட்டியின் கேபிள் திரும்ப முதற்பெட்டிக்கே வந்து வளையமாகும். ஓரிடத்தில் கேபிள் கழன்றாலும் தரவு மறுபக்கத்தால் சுற்றிப் போய்விடும். அருபா என்னும் வேறு தயாரிப்பின் 6300 சுவிட்சிலோ முன்பக்க அதிவேகப் போட்களே இந்த வேலையைச் செய்கின்றன. பத்து வரை சேரலாம், இடையில் பைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுத்தால் கீழ்மாடியில் ஒன்றும் மேல்மாடியில் ஒன்றுமாக வைக்கலாம். மாடிக்கொன்றாக நிற்பதை எப்படி அடுக்கு என்பது?

அதனால் 'ஒருங்கடுக்கு' என்பதை முன்வைக்கிறேன். யூனிகோடை ஒருங்குறி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'ஒருங்கு' புதிதல்ல. பல பெட்டிகள் ஒன்றாகி இயங்குவதை அது சொல்லிவிடுகிறது. 'அடுக்கு' அதில் இருப்பதால், கேட்டவுடன் ஸ்டாக் என்றும் விளங்கும். ஒருங்கடுக்கு ஆளி, ஒருங்கடுக்கு வடம், தலைமை ஆளி, உறுப்பு ஆளி என்று குடும்பமாகவும் வளரும்.

'கொத்து' என்ற முன்மொழிவையும் யோசித்தேன். அதைக் கிளஸ்டருக்கு, அதாவது தனித்தனியாக இருந்தபடியே கூட்டாக நிர்வகிக்கப்படுபவற்றுக்கு, விட்டுவைப்பது நல்லது. சில மலிவான சுவிட்சுகளில் ஒரே முகவரியால் பலவற்றை நிர்வகிக்கலாம். அதையும் ஸ்டாக் என்றே விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனிதான். சோதிக்க வழி இருக்கிறது: ஒரு சேர்வரின் இரண்டு கேபிள்களை இரண்டு வேறு பெட்டிகளில் செருகி, எல்ஏசிபி என்ற நெறிமுறை மூலம் ஒரே இணைப்பாகக் கட்டிப் பாருங்கள். கட்ட முடிந்தால், ஒரு பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் சேர்வர் தொடர்பில் இருக்கும். பெயரளவில் சேர்ந்தவற்றில் இது நடக்காது. விலைமனு எழுதுபவருக்கு இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அப்புறம் ஒன்று. கற்றலிஸ்ட் 9200எல் போன்றவற்றில் ஸ்டாக் கிற்றை (ஸ்டாக் கேபிளும் அதைச் செருகும் பகுதிகளும் கொண்ட தொகுதியை) தனியாக வாங்க வேண்டும். சுவிட்ச் மட்டும் வாங்கிவிட்டுக் கையைப் பிசையாமல் இருக்க, அந்தக் கிற்றுக்கும் நம் பட்டியலில் ஒரு சொல் தேவை. 'ஒருங்கடுக்குத் தொகுப்பு' சரியாக வருமா? இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.