தாத்தாவின் டிரங்குப் பெட்டி

பெரியப்பா: பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்துக் காகிதங்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமா?

அக்கா: ஐயோ, வேண்டாம் பெரியப்பா! என்னவெல்லாம் இருக்கின்றன?

பெரியப்பா: பட்டமளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், விடுதி நோட்டீஸ்கள், மாணவர் பேரவைத் தேர்தல் துண்டறிக்கை, வகுப்பு நோட்டுகள், முப்பது போட்டோக்கள் இருக்கும்.

அக்கா: விழா நிரல் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. நோட்டீஸும் துண்டறிக்கையும்தான் கிடைக்காதவை. நிர்வாகம் எடுத்த முடிவுகள் கோப்பில் இருக்கும். விடுதியில் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள், பிள்ளைகள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் இந்தத் தாள்களில்தான் மிஞ்சும். என் வேலையில் இதற்காகத்தான் ஏங்குகிறோம்.

சித்தி: ஞாயிற்றுக்கிழமை வந்து தேதிவாரியாக அடுக்கித் தருகிறேன்.

அக்கா: அடுக்க வேண்டாம் சித்தி. தாத்தா வைத்த வரிசை அப்படியே இருக்கட்டும். துண்டறிக்கை எந்த நோட்டுக்குள் இருந்தது என்பதே ஒரு தகவல். ஒருவரிடமிருந்து வந்ததை வேறு தொகுப்போடு கலக்கக் கூடாது என்று பிரான்சில் 1841-இலேயே விதி வைத்தார்கள். இன்றும் காப்பக வேலைக்கு அதுதான் அடிப்படை.

தம்பி: கிழியாமல் இருக்க லேமினேட் செய்துவிடட்டுமா?

அக்கா: கூடவே கூடாது. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிப்பது கஷ்டம். துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும், தாள் கிழியாமல் வருமானால், மெதுவாக எடு.

பெரியப்பா: ஒரு டப்பாவில் பிலிம் சுருள் இருக்கிறது. திறந்தால் வினிகர் வாடை.

அக்கா: பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது, அதன் வாடைதான். பக்கத்தில் உள்ள பிலிமையும் அது கெடுக்கும். தனியாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முதலில் காப்பகத்துக்குப் போக வேண்டியது அதுதான்.

தம்பி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் போதாதா?

அக்கா: ஸ்கேன் செய், ஆனால் அசலும் வேண்டும். நகலை வேறோர் இடத்திலும் வை. பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழக நூலகம் 1914-இல் எரிந்தது. புதிதாகக் கட்டினார்கள், 1940-இல் அதுவும் எரிந்தது.

பெரியப்பா: 📷 போட்டோ. படிக்கட்டில் ஏழு பேர். பின்னால் பெயர் எதுவும் இல்லை. அப்பாவை மட்டும் தெரிகிறது.

அத்தை: இதை எங்கே கண்டுபிடித்தீர்கள்! அப்பாவுக்கு இடப்பக்கம் நிற்பவர் அவருடைய அறைத்தோழர். அப்பா போட்டிருக்கும் கோட்டு அவருடையது, ஒரு பொத்தான் இல்லை பாருங்கள். போட்டோவுக்காக வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அக்கா: அத்தை, இதை எந்தக் கோப்பும் சொல்லாது. ஏழு பேரில் எத்தனை பேரைத் தெரியும்?

அத்தை: நான்கு பேரை நிச்சயமாகத் தெரியும். ஐந்தாவது ஆளை யோசிக்க வேண்டும்.

அக்கா: இன்று இரவு அழைக்கிறேன், பதிவு செய்துகொள்கிறேன். பெரியப்பா, பெயர்களைப் போட்டோவின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

பெரியப்பா: சரிம்மா. பெட்டியை மூடிவிட்டேன்.

அத்தை: எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. அந்தப் பொத்தான் எங்கே போனது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.