சின்னத்தோட்டத்துச் சொந்தங்கள்

பெரியப்பா: காதுகுத்துப் பந்தல் தென்னந்தோப்புலதான். வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்தது. ஓலையெல்லாம் கரேல்னு கெடக்குது. நாளைக்கு மருந்தடிக்க ஆளச் சொல்லியாச்சு.

சரோஜா அத்தை: போன தடவ பட்டுச்சீலை பூரா பிசுபிசுன்னு 😡

பிரபு: மருந்து வேண்டாங்க பெரியப்பா. ஓலைக்கு அடியில சுருள் வெள்ளை ஈ சாறு குடிச்சுட்டு இனிப்பாக் கழியுது. அது கீழ் ஓலை மேல சொட்டி கரும்பூசணம் புடிக்குது. மருந்தடிச்சா அதை அழிக்கற குளவியும் செத்துரும், ஈ மறுபடி பெருகும்.

குமார்: குளவியா? கொட்டுமா?

பிரபு: என்கார்சியா. கண்ணுக்கே சரியாத் தெரியாது, கொட்டாது. ஈக்குஞ்சுக்குள்ள முட்டை வெக்கும், குஞ்சு கருத்துரும். ஓலையத் திருப்பிப் பாருங்க, வெள்ளைக்கு நடுவுல மிளகுத்தூள் தூவுன மாதிரி இருந்தா குளவி இருக்குது. இல்லைன்னா வேற தோப்புல இருந்து கருத்த குஞ்சு ஒட்டுன ஓலைத்துண்டு ஏக்கருக்கு 10 கொண்டாந்து கட்டோணும்.

ராசு மாமா: வடக்குப் பாகத்துக்காரங்க மருந்தடிச்சுட்டேதான் இருக்காங்க. தோப்பைப் பாகம் பிரிச்சப்பவே சொன்னேன்

சரோஜா அத்தை: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு

குமார்: ஈ எங்கிருந்து வந்துச்சு?

பிரபு: 2004-ல பெலீஸ் நாட்டுத் தென்னையில பாத்துப் பேர் வெச்சாங்க. 2009-ல ஃபுளோரிடா, 2016-ல நம்ம பொள்ளாச்சி. இங்க தென்னையில உக்காந்துட்டு வாழை, கொய்யா, கல்வாழைன்னு பரவிருச்சு. தென்னையில நெட்டையை விட குட்டை ரகத்துல ஜாஸ்தி. குளவியையும் இதுக்குன்னு யாரும் வரவழைக்கல. 1990கள்ல வந்த பழைய சுருள் வெள்ளை ஈ வேற இனம், அதைத் தொத்தி வந்த குளவி புது ஈக்கும் பழகிக்கிச்சு. 2018-ல கேரளாவுல போண்டார் வெள்ளை ஈ வேற. பஞ்சுக்கூடு கட்டிட்டு அதே ஓலையில இருக்கும்.

குமார்: போண்டாவா? பந்தியில உண்டா?

ராசு மாமா: அதுவும் பாகம் கேக்குது பாரு

பெரியப்பா: கருப்பு போக வழி சொல்லு. ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

பிரபு: அவரையே மைதா அடிக்கச் சொல்லுங்க. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணியில கஞ்சியாக் காய்ச்சி, ஆறவெச்சு, துணியில வடிகட்டி, 40 லிட்டர் ஆக்கோணும். வடிகட்டலைன்னா நாசில் அடைக்கும். முன்னாடியே ஓலை அடிப்பக்கம் வெறுந்தண்ணி விசையா அடிச்சா ஈ உதிரும். மைதா நல்ல வெயில்ல காஞ்சு அப்பளமாட்ட உரியும், கருப்பும் கூடவே வந்துரும். அன்னைக்கு மழை பேஞ்சா வீண். அப்பறம் ஈ வந்து ஒட்டிக்க மஞ்சள் பாலித்தீன் தாள், 3 அடிக்கு 1 அடி, விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்துல ஏக்கருக்கு 20 கட்டோணும். தூசி படிஞ்சா துடைச்சு மறுபடி தடவோணும்.

சரோஜா அத்தை: பந்தல் பக்கம் கட்டாதே, சீலை ஒட்டும்

பிரபு: சரிங்கத்தை. கெணத்தோரத்து வாழையையும் கல்வாழையையும் வெட்டிராதீங்க. குளவி அதுலதான் தங்கிப் பெருகும்.

பெரியப்பா: வாசல்ல கட்ட அந்த வாழையத்தான் நெனச்சிருந்தேன்.

சரோஜா அத்தை: மைதா எத்தனை கிலோ? பந்திக்கும் சேத்து வாங்கிரலாம்

பெரியப்பா: வாழைக்கு என்ன பண்றது?

ராசு மாமா: எங்க பாகத்துல கேக்காதீங்க